வாய்ப்பாடும் கணக்கும்

பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டை. கிட்டாரில் அந்தச் சலுகை இல்லை. முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ஒலிக்கும் ஈ ஸ்வரம் இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது; மூன்றாம் தந்தியில் 9, நான்காவதில் 14, ஐந்தாவதில் 19 என்று கழுத்து நெடுகப் பரவிக் கிடக்கிறது. உயரம் ஒன்றுதான், நாதம் ஐந்து விதம். முதல் தந்தியில் பளிச்சென்று கேட்பது 14ஆம் ஃப்ரெட்டில் மங்கித் திரண்டு கேட்கும். ஆகவே ஸ்கேல் பயிலும் பியானோ மாணவர் ‘எந்த விரலால்?’ என்று கேட்டால் போதும். கிட்டார் மாணவர் அதற்கு முன்பே ‘எந்த இடத்தில்?’ என்று கேட்டாக வேண்டும். கழுத்து முழுவதும் ஸ்கேலையும் ஆர்பெஜியோவையும் பயில்வதற்கென எழுந்த முறைகள் எல்லாம் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளே. அவற்றை விடைகளாகவே எடைபோட வேண்டும்; எழுதியவரின் புகழையோ வாசிப்பவரின் வேகத்தையோ வைத்து அல்ல.

மூன்று அளவுகோல்கள் போதும். முதலாவது அறிவு: விரலுக்கு அடியில் இருக்கும் ஸ்வரம் எது, நடப்பிலுள்ள கார்டில் அதன் வேலை என்ன என்பது வாசிப்பவருக்குத் தெரிகிறதா? இரண்டாவது கை: நாதத் தெளிவு, சமநடை, இடம் பெயரும் லாவகம் ஆகியவை வளர்கின்றனவா? மூன்றாவது இசை: பயிற்சியிலிருந்து பாட்டுக்குப் போகும் வழி எவ்வளவு தொலைவு? இவற்றோடு ஒரு பொதுச் சோதனையும் உண்டு. தான் எடுத்துக்கொண்ட கோட்பாட்டுக்கு அந்த முறை கடைசிவரை உண்மையாக இருக்கிறதா?

பள்ளிப் பிள்ளைகளிடம் ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை உடனே 56 என்று சொல்லிவிடும். இன்னொன்று உதட்டுக்குள் ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு’ என்று தொடங்கி எட்டாவது வரிக்கு வந்து சேரும். வாய்ப்பாடு இரண்டுக்கும் தெரியும். கணக்கு ஒன்றுக்குத்தான் வரும். கிட்டார் பயிற்சி முறைகளில் பல, முதல் வகைப் பிள்ளையை வாக்களித்துவிட்டு இரண்டாம் வகைப் பிள்ளையை உருவாக்குகின்றன. எங்கே, ஏன் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் செகோவியாவிலிருந்து தொடங்குவதே முறை. 1953இல் வாஷிங்டனின் கொலம்பியா மியூசிக் நிறுவனம் வெளியிட்ட அவருடைய மேஜர், மைனர் ஸ்கேல் தொகுப்பு சில பக்கங்களே கொண்டது. கிளாசிக்கல் கிட்டார் உலகில் அதற்குக் கிடைத்த அதிகாரமோ பெரும் நூல்களுக்கும் கிடைக்காதது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஸ்கேல் வாசித்தால் கையின் குறைகள் திருந்தும், பல மணி நேரப் பயிற்சி ஒரு மணியில் அடங்கும் என்பது முன்னுரையில் அவர் வைக்கும் வாதம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

சி மேஜரைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் தொடங்கி, நான்காம் தந்தியைக் கடந்து, மூன்றாம் தந்தியில் 2, 4 என்று வாசித்ததும் கை இடம் பெயர்ந்து 5, 7 என்று தொடர்கிறது. அங்கிருந்து மேல் இரு தந்திகளில் 8ஆம் ஃப்ரெட்வரை செல்கிறது. பெயர்வு நடுத்தந்தி ஒன்றின் நடுவிலேயே நிகழ்கிறது. தந்தி மாறும் இடத்தில் கை தாவினால் நாதத்தில் விரிசல் கேட்கும்; ஒரே தந்திக்குள் பெயர்ந்தால் கோடு அறுபடாது. அந்த நான்கு ஸ்வரங்களுக்குள் செகோவியாவின் ரசனை முழுவதும் இருக்கிறது. வலது கைக்கும் அவர் பல விரல் இணைகளை விதிக்கிறார்: சுட்டு-நடு, நடு-மோதிரம், சுட்டு-மோதிரம் என்று மாற்றி மாற்றி. நாதத்துக்கும் சமநடைக்கும் இதைவிடக் கச்சிதமான பயிற்சித் தாள் அரிது.

குறை எங்கே? ஒரு சுருதிக்கு ஒரே விரலமைப்பு. ‘எந்த இடத்தில்?’ என்ற கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்லிவிட்டார். மாணவர் கேள்வியையே சந்திப்பதில்லை. ஏன் இந்த இடத்தில் பெயர்வு, வேறெங்கே பெயரலாம் என்று ஒரு வரி விளக்கமும் கிடையாது. மைனரில் மெலடிக் மைனர் மட்டுமே உண்டு. ஹார்மோனிக் மைனர் இல்லை. ஆர்பெஜியோ அறவே இல்லை. எல்லா ஸ்கேலும் மூல ஸ்வரத்தில் தொடங்கி மூல ஸ்வரத்தில் முடிகிறது. நடுவில் நுழைய வாசலே இல்லை. ஆண்டுக்கணக்கில் இதைத் தேய்த்தவரிடம் சி மேஜரை அதன் மூன்றாம் ஸ்வரத்திலிருந்து, அதுவும் 9ஆம் ஃப்ரெட் பக்கத்தில் தொடங்கச் சொன்னால் திகைப்பார். கை என்ற அளவுகோலில் முதலிடம். அறிவில் கடைசிக்கு அருகில். தன் கோட்பாட்டுக்கு முரண்படாத நூல்தான். ஆனால் அந்தக் கோட்பாடு கையைப் பற்றியது, கழுத்தைப் பற்றியது அல்ல. அதைக் கழுத்தறிவு நூலாகக் கொண்டாடுவது கொண்டாடுபவர்களின் பிழை.

இதற்கு நேரெதிர்த் துருவம் வில்லியம் லெவிட். பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியில் கிட்டார் துறையை நடத்தியவர். கிட்டாருக்கான அவருடைய நவீன முறைநூலின் மூன்று பாகங்கள் 1966, 1968, 1971இல் வந்தன. கோட்பாடு எளிது: கை ஓரிடத்தில் நிற்கட்டும், சுருதிகள் அதைச் சுற்றி மாறட்டும். முதல் பாகத்திலேயே இரண்டாம் பொசிஷனில், அதாவது சுட்டுவிரல் 2ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக இருக்கும்படி, கையை நிறுத்தி சி, எஃப், ஜி, டி, ஏ ஆகிய ஐந்து மேஜர் சுருதிகளையும் வாசிக்க வைக்கிறார். தேவைப்பட்டால் சுட்டுவிரல் ஒரு ஃப்ரெட் பின்னால் நீளும், சுண்டுவிரல் ஒரு ஃப்ரெட் முன்னால் நீளும். கை மட்டும் அசையாது. ஆக ஒரு பொசிஷன் என்பது ஆறு ஃப்ரெட்டுகளின் பரப்பு.

இதன் பலம் அதன் கண்டிப்பு. டேப் எழுத்து கிடையாது. ஸ்வரக் குறியீடு மட்டுமே. சுருதி மாறும்போது இடம் மாறாததால், மாணவர் எந்த ஸ்வரம் கூர்மையானது, எது தணிந்தது என்று பெயர் சொல்லி அறிந்தே தீர வேண்டும். உருவத்தை நகர்த்தித் தப்பிக்க வழியில்லை. ஸ்கேலுக்குப் பின்னாலேயே இருவர் சேர்ந்து வாசிக்கும் சிறு உருப்படிகளும் வருகின்றன. பயிற்சிக்கும் பாட்டுக்கும் இடையே தொலைவு குறைகிறது.

பலவீனமும் அதே கண்டிப்பில்தான். 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர். 13ஆம் ஃப்ரெட்டின் அகலம் அதில் சரிபாதி. ஆறு ஃப்ரெட் விரிப்பு 9ஆம் பொசிஷனில் சுகம், இரண்டாம் பொசிஷனில் தண்டனை. மேலும் உண்மையான கோடுகள் மேலேறுகின்றன, கீழிறங்குகின்றன. கை நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. செகோவியாவிடம் பெயர்வு உண்டு, அறிவு இல்லை. லெவிட்டிடம் அறிவு உண்டு, பெயர்வு குறைவு. ஒருவரின் குறை மற்றவரின் நிறையாக இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது வியப்புக்குரியது. அதைவிட வியப்பு, இரண்டையும் இணைத்துப் பயில்பவர்கள் சிலரே என்பது.

மூன்றாவது, கேஜ்டு முறை. சி, ஏ, ஜி, ஈ, டி என்ற ஐந்து திறந்த கார்டுகளின் கை உருவங்களைக் கழுத்தில் வரிசையாக நகர்த்துவது இதன் சாரம். சி மேஜர் கார்டை எடுத்துக்கொண்டால் சி உருவம் கழுத்தின் தொடக்கத்தில், ஏ உருவம் 3ஆம் ஃப்ரெட்டில், ஜி உருவம் 5ஆம் ஃப்ரெட் பக்கம், ஈ உருவம் 8இல், டி உருவம் 10இல். 12இல் மறுபடியும் சி. பெயரின் ஆங்கிலப் பொருளை வைத்துக் கிண்டலடிப்பது எளிது. முறையின் தகுதி அந்தக் கிண்டலைவிடப் பெரியது.

ஜி மேஜரின் ஈ உருவத்தைப் பார்க்கலாம். கார்டின் விரல்கள் கீழ்த்தந்தியிலிருந்து மேலே 3, 5, 5, 4, 3, 3. அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஆர்பெஜியோ வாசித்தால் ஆறாம் தந்தியில் 3, ஐந்தாவதில் 2, 5, நான்காவதில் 5, மூன்றாவதில் 4, மேலிரண்டிலும் 3. அதைச் சுற்றியுள்ள இடைவெளிகளை நிரப்பினால் ஸ்கேல். கார்டு எலும்பு, ஆர்பெஜியோ தசை, ஸ்கேல் தோல் என்று மூன்றும் ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. வேறெந்த முறையும் இவ்வளவு விரைவில் இந்த ஒருமையைக் காட்டுவதில்லை. பாடுபவருக்குப் பின்னால் கார்டு அடித்துக்கொண்டிருப்பவர் இடையில் நான்கு ஸ்வரம் வாசிக்க நினைத்தால், அவருக்கு இதுவே குறுக்குவழி.

ஆனால் குறுக்குவழியில் போகிறவருக்கு ஊர் தெரிவதில்லை. ‘ஜி கார்டின் ஈ உருவம்’ என்ற சொல்லாட்சியிலேயே குழப்பம் தொடங்குகிறது: இரண்டு எழுத்தில் ஒன்று ஸ்வரம், மற்றொன்று வடிவம். வடிவத்தின் பெயர் நாக்கில் வந்துவிட்டால் ஸ்வரத்தின் பெயர் மறைகிறது. மைனரில் சி உருவமும் ஜி உருவமும் கார்டாகப் பிடிக்கவே கடினமானவை. அங்கே முறை தன் அடித்தளத்தை இழக்கிறது, கற்பிப்பவர்களும் சத்தமில்லாமல் தாண்டிப்போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து உருவங்கள் ஐந்து அறைகளாகப் பயிலப்படுகின்றன; அறைக்கு அறை கதவு எங்கே என்று யாரும் சொல்வதில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மெட்ரோனோமை ஐந்து புள்ளி கூட்டி, மறுபடியும் ஏறி இறங்குவது செக்குமாட்டு நடை. தொலைவு கூடும், இடம் மாறாது. வரைபடமாக இதை ஏற்கலாம். பயணமாக ஏற்க முடியாது.

நான்காவது, தந்திக்கு மூன்று ஸ்வரம் என்ற முறை. ராக், மெட்டல் கிட்டாரில் இதன் ஆட்சி கேள்விக்கு அப்பாற்பட்டது. ஜி மேஜரை ஆறாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் தொடங்கினால் ஆறு தந்தியில் 18 ஸ்வரம்: இரண்டு முழு ஸ்தாயியும் மேலே மூன்றும். ஒவ்வொரு தந்தியிலும் ஒரே எண்ணிக்கை என்பதால் பிக் அடிக்கும் கைக்கு இது வரம். தந்தி மாறுவது கடிகாரம்போல் ஒழுங்காக நிகழ்கிறது. தசைக்கு ஏற்ற கணிதம் என்ற வகையில் குறை சொல்ல இடமில்லை.

இசைக்கு ஏற்றதா? மூல ஸ்வரமான ஜி எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். ஆறாம் தந்தியில் மூன்றில் முதலாவது; நான்காம் தந்தியில் மூன்றில் இரண்டாவது; இரண்டாம் தந்தியில் மூன்றில் மூன்றாவது. கையின் ஒழுங்கும் ஸ்கேலின் ஒழுங்கும் ஒன்றையொன்று கவனிக்காமலே நடக்கின்றன. கை மூன்று மூன்றாக எண்ணுகிறது, ஸ்கேல் ஏழு ஏழாக எண்ணுகிறது. கை ஜெயிக்கிறது, அழுத்தம் தந்தி மாறும் இடத்தில் விழுகிறது, பாட்டு கேட்கும் இடத்தில் அல்ல. ஆயிரம் பேர் வாசித்தும் ஒருவர் வாசித்ததுபோலவே இந்த ஓட்டங்கள் ஒலிப்பதற்குக் காரணம் கற்பனை வறட்சி மட்டும் அல்ல. முறையே அப்படி ஒலிக்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. கார்டும் இந்த உருவத்துக்குள் தெரிவதில்லை. இதை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளலாம். சோறாக உண்ண முடியாது.

ஐந்தாவது முறை, முறை என்ற சொல்லையே சற்றுச் சங்கடப்படுத்துகிறது. கேரி பர்ட்டனின் குழுவில் வாசித்தவரும் பாஸ்டனில் நெடுங்காலம் கற்பித்தவருமான மிக் குட்ரிக் 1987இல் எழுதிய நூல், முன்னேறும் கிட்டார் கலைஞருக்கானது என்று தலைப்பிலேயே அறிவிக்கிறது. பொசிஷனை முதலில் கற்பிக்கும் வழக்கத்தை அவர் தலைகீழாக்குகிறார். ஒரே தந்தியில் வாசி; பிறகு இரண்டு தந்தியில்; பொசிஷன் அதன் பிறகு வரட்டும். கிட்டார் என்ற ஆறு தந்திச் சிக்கலை அவர் முதலில் ஒற்றைத் தந்தி வாத்தியமாகச் சுருக்கிவிடுகிறார்.

இதன் நியாயம் கண்கூடு. ஒரே தந்தியில் மேஜர் ஸ்கேலை வாசிக்கும்போது முழு இடைவெளிக்கு இரண்டு ஃப்ரெட், அரை இடைவெளிக்கு ஒரு ஃப்ரெட். ஸ்கேலின் உடலமைப்பு தச்சர் வைத்த அளவுகோல்போலத் தெரிகிறது. தந்தி மாறினால் இந்தத் தெளிவு போய்விடும். ஏனெனில் கிட்டாரின் தந்திகளுக்கிடையே உள்ள தூரம் ஒரே மாதிரி இல்லை: மற்ற எல்லா இணைகளுக்கும் ஐந்து அரை ஸ்வரம், மூன்றாவது-இரண்டாவது தந்திகளுக்கு மட்டும் நான்கு. உருவ முறைகள் அனைத்தையும் கோணலாக்குவது இந்த ஒரு கோணல்தான். குட்ரிக் அதைச் சந்திக்கும் முன்பே ஸ்வரத்தை மனதில் பதித்துவிடுகிறார். இன்னொரு லாபமும் உண்டு: ஒரே தந்தியில் உருவம் என்று எதுவும் கிடையாது. அடுத்த ஸ்வரம் எது என்று தெரிந்தால்தான் விரல் நகரும். ஏழெட்டைக் கேட்டதும் சொல்லும் பிள்ளை இங்கேதான் பிறக்கிறது.

குறையும் சிறிதல்ல. நூல் கேள்விகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஹார்மனி அறிவு ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டே பேசுகிறது. தொடக்கநிலை மாணவரைக் கைவிட்டுவிடுகிறது. ஒழுங்கு தேடி வருபவர் அதில் ஒழுங்கின்மையைத்தான் காண்பார். வழிகாட்டாத ஆசிரியர் எப்போதும் ஆழமானவர் என்று கொள்வது நம் காலத்தின் மூடநம்பிக்கை. குட்ரிக் ஆழமானவர்தான், ஆனால் அந்த ஆழத்தில் இறங்கப் படிக்கட்டு வேறொருவர் கட்ட வேண்டும்.

வீணை கற்றவருக்கு இதில் புதிது குறைவு. 24 மெட்டுகள், நான்கு வாசிப்புத் தந்திகள். பாட்டு பெரும்பாலும் தந்தியின் நெடுக்காகத்தான் ஓடுகிறது. நம் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தாட்டு வரிசையும் ஸ்வரக் கோவைகளாகவே கட்டப்பட்டவை; வாய்ப்பாட்டு, வீணை, வயலின் எதற்கும் அதே வரிசைதான். ‘எந்த விரல், எந்த இடம்’ என்பதை வாத்தியம் பார்த்துக்கொள்கிறது. வரிசை ஸ்வரத்தை விட்டு விலகுவதில்லை. கிட்டார் முறைகள் இடத்தைப் பயிற்றுவித்து ஸ்வரம் பின்னால் வரும் என்று நம்புகின்றன. வரிசைகள் ஸ்வரத்தைப் பயிற்றுவித்து இடத்தைப் பின்னால் விடுகின்றன. எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முன்பின் மட்டுமே. கார்டு இல்லாத இசையில் ஆர்பெஜியோவுக்கு விடை தேட முடியாது. தாட்டு வரிசை ஸ்வரம் தாண்டினாலும் கார்டைச் சொல்வதில்லை.

ஆர்பெஜியோவுக்கு வருவோம். இங்கே முதலில் ஒரு சொல்மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். ஒரே சொல்லால் இரண்டு வேறு பயிற்சிகள் அழைக்கப்படுகின்றன. மாவ்ரோ ஜூலியானியின் முதல் எண் படைப்பில், 1812 வியன்னாவில் வந்த அந்தப் புகழ்பெற்ற தொகுப்பில், வலது கைக்கு 120 ஆர்பெஜியோ பயிற்சிகள் உள்ளன. அத்தனைக்கும் இடது கையில் இரண்டே கார்டுகள்: சி, ஜி ஏழு. இடது கை கிட்டத்தட்ட உறங்கலாம். ஒரு சிக்கலைத் தனியே பிரித்தெடுத்து, மற்றதையெல்லாம் அசையாமல் நிறுத்திவிட்ட அந்த முறைமைத் தூய்மைக்கு இருநூறு ஆண்டுகளாக இணை இல்லை. ஆனால் அது வலது கையின் ஆர்பெஜியோ. கழுத்து முழுவதும் ஆர்பெஜியோ பயில வேண்டும் என்று ஜாஸ் ஆசிரியர் சொல்வது வேறு: கார்டின் ஸ்வரங்களை ஒற்றை ஒற்றையாக இடது கையால் தேடிப் பிடிப்பது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது தெரியும் என்று எண்ணுவதும், இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதை ஏளனம் செய்வதும் ஒரே அறியாமையின் இரு பக்கம்.

இரண்டையும் ஒன்றாக்கிய படைப்பாளி வில்லா-லோபோஸ். 1920களின் இறுதியில் எழுதி செகோவியாவுக்குக் காணிக்கையாக்கிய பன்னிரண்டு எட்யூடுகளில் முதலாவது, மாறாத ஒரே வலதுகை ஆர்பெஜியோவில் ஓடுகிறது. நடுப்பகுதியில் இடது கை ஒரே உருவத்தை ஃப்ரெட் ஃப்ரெட்டாகக் கீழிறக்குகிறது. திறந்த தந்திகள் மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் ஒரே உருவம் ஒவ்வொரு படியிலும் வேறு வேறு நிறம் காட்டுகிறது. இரண்டாவது எட்யூடில் ஆர்பெஜியோ ஒற்றை ஸ்வரக் கோடாகிக் கழுத்தில் ஏறி இறங்குகிறது. செகோவியாவின் ஸ்கேல் தொகுப்பு வந்த அதே 1953இல்தான் இந்த எட்யூடுகளும், செகோவியாவின் முன்னுரையோடு, அச்சேறின. ஸ்கேல் தொகுப்பு பயிற்சியை இசையிலிருந்து பிரித்தது. எட்யூடுகள் பயிற்சியே இசையாக முடியும் என்று காட்டின. எது கடினமான சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஸ்கேலா, ஆர்பெஜியோவா, எதற்கு அதிக நேரம்? ஸ்கேல் கல்யாணத்துக்கு யாருக்கெல்லாம் அழைப்பு என்று சொல்கிறது. ஆர்பெஜியோ மணமக்கள் யார் என்று சொல்கிறது. ஜாஸில் தினமும் புழங்கும் டி மைனர் ஏழு, ஜி ஏழு, சி மேஜர் ஏழு என்ற கார்டு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஸ்கேல் ஒன்றே, சி மேஜர். ஸ்கேல் மட்டும் அறிந்தவர் மூன்றின்மேலும் ஒரே ஓட்டத்தை ஓடலாம். தப்பு இல்லை, பொருளும் இல்லை. இப்போது கையை ஐந்தாம் பொசிஷனில் வையுங்கள். டி மைனர் ஏழின் சி ஸ்வரம் மூன்றாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில். கார்டு ஜி ஏழாக மாறும் கணத்தில் அது ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கி 4இல் பி ஆகிறது. ஜி ஏழின் எஃப் இரண்டாம் தந்தியின் 6ஆம் ஃப்ரெட்டில். கார்டு சி ஆகும்போது அதுவும் ஒரு ஃப்ரெட் இறங்கி 5இல் ஈ ஆகிறது. இரண்டே அசைவுகள், பின்னணியில் யாரும் கார்டு வாசிக்காவிட்டாலும் கார்டு மாறியது காதில் விழுகிறது.

ஆனால் ஆர்பெஜியோவும் வாய்ப்பாடாகிவிடக் கூடியதே. பலர் அதை அப்படித்தான் பயில்கிறார்கள்: ஒவ்வொரு கார்டுக்கும் மூல ஸ்வரத்தில் தொடங்கி மேலேறி நிறுத்துவது. கார்டு மாறியதும் மறுபடியும் கீழே வந்து தொடங்குவது. சரியான பயிற்சி நிற்காது: கார்டு மாறும் கணத்தில் கை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து புதிய கார்டின் மிக அருகிலுள்ள ஸ்வரத்துக்குப் போக வேண்டும். மேலேறிக்கொண்டிருந்தால் மேலேறித் தொடர வேண்டும். இதை மெட்ரோனோமில் 60இல் தடுமாறாமல் செய்பவர், ஐந்து உருவங்களை 160இல் சுழற்றுபவரைவிடக் கழுத்தை நன்கு அறிந்தவர். வேகத்தை எண்ணால் அளக்க முடிகிறது, அறிவை அப்படி அளக்க முடிவதில்லை என்பதால்தான் வேகம் அளவுகோலாகிவிட்டது.

ஒரு மறுப்பை நியாயமாக எதிர்கொள்ள வேண்டும். 1928இல் தன் வண்டிவீட்டில் பற்றிய தீயில் இடது கை கருகி, பெரும்பாலும் இரண்டே விரல்களால் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்டுக்கு எந்த முறைநூல்? குறியீடு படிக்கத் தெரியாமல் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்ற வெஸ் மாண்ட்கமரிக்கு எந்த முறைநூல்? மேதைகளை முறைக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது சோம்பலின் பழைய தந்திரம். ஆயினும் சாட்சியத்தைக் கேட்டுவிடுவோம். ஜாங்கோவின் இரண்டு விரல்கள் நான்கு விரலுக்கு நான்கு ஃப்ரெட் என்ற பொசிஷன் ஒழுங்குக்குள் அடங்க முடியாதவை. அவருடைய ஆர்பெஜியோக்கள் தந்தி நெடுக ஓடித்தான் தீர வேண்டியிருந்தது. மாண்ட்கமரி பயின்றது உருவங்களை அல்ல, முழு வாக்கியங்களை. இருவரும் சாட்சி சொல்வது முறை வேண்டாம் என்பதற்கு அல்ல. கழுத்தின் நெடுக்கும் இசை வாக்கியமும் முறைகளில் குறைவு என்பதற்குத்தான். அந்தக் குறைகளை நாம் ஏற்கெனவே கண்டோம்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அடித்தளத்துக்கு உரியது ஒற்றைத் தந்திப் பயிற்சி, ஸ்வரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. குட்ரிக் அதைப் பின்னால் வருபவர்களுக்கு எழுதினார். அது முதலில் வருபவர்களுக்கு உரியது. முதுகெலும்பு லெவிட்: ஒரு பொசிஷன், பல சுருதிகள், குறியீடு மட்டும். அதன் அசையாக் கையை அசைக்கத் தெரிந்தவர் செகோவியா. பெயர்வுக்கும் நாதத்துக்கும் அவரிடம் போக வேண்டும், கழுத்தறிவுக்கு அல்ல. கேஜ்டு, கார்டும் ஆர்பெஜியோவும் ஒன்று என்பதை ஒருமுறை கண்ணால் பார்க்கும் வரைபடம். பார்த்த பின் மடித்து வைத்துவிட வேண்டியது. தந்திக்கு மூன்று ஸ்வரம் விருப்பப் பாடம். நேரப் பங்கீட்டில் ஆர்பெஜியோவுக்கு ஸ்கேலைவிட அதிகம் தருவேன். வலது கை ஆர்பெஜியோவுக்கு ஜூலியானி போதும், இடது கைக்கு நிற்காமல் கார்டு மாறும் பயிற்சி வேண்டும். எதிலும் மூல ஸ்வரத்தில் தொடங்கும் வழக்கத்தை முதல் வாரத்துக்குப் பிறகு கைவிட வேண்டும்.

எந்த முறையைப் பின்பற்றுபவராயினும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் ஏதாவது ஓரிடத்தில் விரலை வையுங்கள். கண்ணைத் திறந்து மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள்: இது எந்த ஸ்வரம்? ஜி மேஜரில் எத்தனையாவது? இதே உயரத்தில் வேறெங்கே இருக்கிறது? மூன்றாவது கேள்வியில் ஆண்டுக்கணக்கில் பயின்ற கைகளும் தடுமாறும். அப்போது விரல் தன்னையறியாமல் ஆறாம் தந்தியின் மூல ஸ்வரத்தைத் தேடி ஓடினால், அங்கிருந்து எண்ணிக்கொண்டே ஏறி வந்தால், எந்த நூலிலிருந்து பயின்றீர்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு.